ஜனவரிச் சில்வண்டு

— …அப்புறம் அந்தப் பனி தள்ளுற மெஷினோட கார்பரேட்டரைக் கழட்டிப் பாத்தா, பக்கத்துலயே ஒரு எலிக்கூடு, சகலை. பஞ்சு, நூலு, என் வீட்டுக்காரி டோனாவோட ஒத்தைக் கையுறைன்னு ஒரு குடித்தனமே நடந்திருக்கு.

— விர்ஜில்.

— சொல்லுங்க சகலை.

— நாம மீன் பிடிக்க வந்தோம்.

— ஆமாங்க.

— இந்தக் கொட்டகையை ரெண்டு பேரும் கட்டி, ஏரி உறைஞ்சதும் இழுத்துட்டு வந்து நிறுத்தின முதல் நாளே ஒரு சட்டம் போட்டோம். உள்ள ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. போட்டவனே நீதான்.

— போட்டவன் எடுக்கக் கூடாதுன்னு இருக்கா?

— பனிக்கட்டிக்கு அடியில இருக்கிற மீனுக்கும் காது உண்டுய்யா. காலைலேருந்து நீ பேசுற பேச்சுல பாதி மீனு கனடா போய்ச் சேந்திருக்கும்.

— போனாப் போகுது, அங்கயும் ஆளுங்க பட்டினி கிடக்கக் கூடாதுல்ல. அந்தக் கூட்டைக் கையில எடுத்தேன் பாருங்க—

— இரு. மணி அடிச்சுது.

— இல்லையே.

— ஐஸ்ல நான் போட்ட ஓட்டைல. நூல் சுருள்ல கட்டின மணி. மீன் இழுக்குது.

— அசையவே இல்லைங்க. பாருங்க, தேமேன்னு தொங்குது.

— ஆமா. தொங்குது.

— காதா?

— காதுதான்.

— இன்னிக்கு என்ன சத்தம்?

— சில்வண்டு. வெளிய மூக்கு உதுந்து விழுற குளிரு. இதுல எனக்கு மட்டும் சில்வண்டு.

— சர்ச் பின்படியில விழுந்தப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும் நீங்க.

— போனேனே. மண்டை படியில மோதி நட்சத்திரம் பறந்துச்சு. அப்பவும் அந்தப் பெரிய காபி பாத்திரத்தைக் கீழ விடலை. இன்னிக்கு வரைக்கும் சர்ச்சுல வர்றவங்க எல்லாம், "ஹார்லன், பாத்திரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னுதான் கேக்கிறாங்க.

— நல்ல பாத்திரம்ங்க அது.

— நீயுமா?

— சும்மா சொன்னேன். சரி, மதியம் டென்னி வரானா?

— வரான். கொட்டகையை வண்டியில கட்டி இழுத்துட்டுப் போறான். விலை பேசி முடிச்சாச்சு.

— உங்க பங்கை மட்டும் எனக்கே குடுத்திருக்கலாம்.

— குடுத்தா நீ என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்ப. வீட்டுல இருந்தா தெருச் சத்தம் இருக்கு, பிரிட்ஜு இருக்கு, மார்லிஸ் பாத்திரம் உருட்டுறா. அதுக்குள்ள இந்தக் கழுதை கொஞ்சம் ஒளிஞ்சுக்குது. இங்க வந்தா இது மட்டும்தான் ராஜா. எனக்கு இந்த ஏரியில பிடிச்சதே ஒரு சத்தமும் இல்லாததுதான் விர்ஜில். அதுவே போயிட்டப்புறம் கொட்டகை எதுக்கு?

— ராத்திரியில தூங்குறீங்களா?

— ஃபேன் போட்டுக்கிட்டு. அந்தச் சத்தத்துல கண்ணு அசரும். மார்லிஸ் ரெண்டு ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் மாட்டிக்கிட்டுப் பக்கத்துல படுக்கிறா. ஒண்ணும் சொல்லலை. மினசோட்டாக்காரி ஒண்ணும் சொல்லலைன்னா எவ்வளவு சொல்றான்னு உனக்குத் தெரியாததில்லை.

— எங்க வீட்டுலயும் அந்தக் கம்பெனி சரக்குதானே. சரி, இருங்க. கொஞ்சம் வெளிய ஒதுங்கிட்டு வந்துடறேன்.

— போ. கதவைச் சாத்திட்டுப் போ.

— அப்பாடா, உள்ள வந்தாச்சு. போற காரியம் முடியறதுக்குள்ள உறைஞ்சிரும் போல. என்ன சகலை, என் ஓட்டையை எட்டிப் பாத்துட்டு நிக்கிறீங்க?

— சும்மா. மேல ஐஸ் படிஞ்சுது, வழிச்சு விட்டேன். நீ எதுல விட்ட?

— எலிக்கூட்டுல.

— அதுல இருந்தே போ.

— மீன் ஓடிரும்னீங்களே?

— ஓடட்டும். உன்னை நிறுத்தச் சொன்னா நிறுத்தவா போற.

— அதுவும் சரிதான். அந்தக் கூட்டை டோனாகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். கையுறை கிடைச்சிருச்சேன்னு சந்தோசப்படுவான்னு பாத்தா, அதோட ஜோடியைப் போன வாரம்தான் தூக்கிப் போட்டாளாம். அந்தக் கோவத்தோட பல் டாக்டர்கிட்ட போனாளா, அங்க அவன் தப்பான பக்கத்துல மரத்துப் போற ஊசியைப் போட்டுட்டான். அன்னிக்குச் சாயங்காலமே சர்ச்சு விருந்துல உங்க மார்லிஸ் ஓவன்ல சுட்டுக் கொண்டு வந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷைத் தின்னுட்டு, உப்பே இல்லைன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. உப்பு இல்லாம இல்லை, இவளுக்கு நாக்கு இல்லை. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும்… அவ்வளவுதாங்க.

— ஏன் நிறுத்திட்ட?

— தீந்துபோச்சு.

— எது?

— பேச்சு. கைவசம் இருந்தது அவ்வளவுதான். டோனாவைக் கல்யாணம் கேட்டப்பக்கூட இவ்வளவு பேசினதில்லை. நேத்து கண்ணாடி முன்னால நின்னு எல்லாத்தையும் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன். "உனக்கும் மண்டையில அடியா?"ன்னு டோனா கேட்டா.

— எதுக்குடா இந்த வேலை உனக்கு?

— காது டாக்டரம்மா சொன்னாங்களாமே. இது இனிமே போகாது, சத்தமில்லாத இடத்துல சும்மா உக்காராதீங்க, ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்தா மனசு இதை விட்டுரும்னு. மார்லிஸ் சொல்லி டோனா சொன்னா. ஏரிக்கு ஃபேனைக் கொண்டு வர முடியாது. ரேடியோன்னா நீங்களே ஓட்டைக்குள்ள போட்டுருவீங்க. மிச்சம் நான்தான் இருந்தேன்.

— இப்படிப் பேசினா ஒரு மீனும் சிக்காதேய்யா.

— எப்படியும் சிக்காதுங்க. காலைல நூலை இறக்கினது நான்தானே. எதுலயும் தூண்டில் முள்ளே கட்டலை. வெறும் ஈயக்குண்டு. மணி அடிச்சா மீனா, காதான்னு நீங்க தவிக்க வேண்டாம் பாருங்க. இன்னிக்கு அடிக்கிறது எல்லாம் உங்களுதுதான்.

— வண்டி வர்ற மாதிரி இருக்கு. இதுவும் என்னுதா?

— இல்லைங்க, எனக்கும் கேக்குது. டென்னிதான்.

— போய், கொட்டகை விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லிட்டு வா.

— சகலை?

— நீ ஒதுங்கப் போனப்பவே நூலை இழுத்துப் பாத்தேன், முள்ளு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. வந்து அந்த எலிக்கூட்டை முதல்லேருந்து ஆரம்பி.