அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை

— அந்த ஆயில் டப்பா வேணாம்னு சொல்லிட்டேன்ல? திரும்பத் திரும்ப அதையே துடைச்சு என் முன்னால வைக்கிறீங்க.

— துடைச்சா பளபளன்னு இருக்கும், பளபளன்னு இருந்தா மனசு மாறும். முப்பது வருஷமா இந்தக் கடையில வியாபாரம் இப்படித்தான் ஓடுது அக்கா.

— அக்காவா? உங்க தலையில ஒரே ஒரு கருப்பு முடி காட்டுங்க கடைக்காரரே, அப்புறம் அக்கான்னு கூப்பிடலாம்.

— பேரம் முடியற வரைக்கும் எல்லாரும் எனக்கு அக்காதான். சரி, ஆயில் அப்புறம். ஃபில்டர் மூணும் எடுத்து வச்சாச்சு. ஆயிலுக்கு ஒண்ணு, டீசலுக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு. பாருங்க.

— இந்த ஆயில் ஃபில்டர் அசல் இல்ல.

— என்னக்கா, பொசுக்குனு சொல்லிட்டீங்க! பெட்டியையே இன்னும் திறக்கலை.

— எதுக்குத் திறக்கணும்? கையில தூக்கினாலே தெரியுது. அசலா இருந்தா இன்னும் கனக்கும். பஸ் டிப்போ ஸ்டோர்ல இருபத்தாறு வருஷம் ஃபில்டர் எடுத்துக் குடுத்த கை இது.

— அடடா! முதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பெட்டி உங்க கண்ணுலயே பட்டிருக்காதே. இந்தாங்க, இது அசல். பொண்ணைப் பெத்தவன் மாதிரி பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்.

— ம். இது சரி. டீசல் ஃபில்டர்ல கீழ தண்ணி வடிக்கிற திருகு இருக்கு, சரி. காத்து ஃபில்டரும் சரி. இப்ப ஆயில். சாதா ஆயில், ஏழு லிட்டர்.

— மறுபடியும் சாதா ஆயிலா? வெளியில நிக்கிற அந்த வெள்ளை பிக்கப்புக்குத்தானே?

— ஆமா. போன வாரம் என் மகன் வாங்கினான். மூணு வருஷம் ஓடின வண்டி.

— ஸ்டியரிங் மேல சாஞ்சுக்கிட்டு போன் பேசறாரே, அவரா?

— அவனேதான்.

— அக்கா, அது டர்போ வச்ச இன்ஜின். வண்டியோட வர்ற புத்தகத்துலயே சாதா ஆயில் கூடாதுன்னு போட்டிருப்பான். அந்தச் சூட்டுக்கு இது கரியாப் போயிடும்.

— தெரியும்.

— நான் துடைச்சு வச்சேனே, அது இருபதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். உங்க சாதா ஆயில் அஞ்சாயிரத்துக்கே கையைத் தூக்கிடும்.

— அதுவும் தெரியும்.

— விலைதான் இடிக்குதா? சொல்லுங்க, குறைச்சுத் தரேன்.

— நான் விலை கேட்டேனா?

— கேக்கலையே, அதான் சந்தேகமா இருக்கு. விலையே கேக்காம நிக்கிறவங்க பொருள் வாங்க வந்தவங்களா, இல்ல பொழுது போக்க வந்தவங்களான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

— அம்மா! ஆச்சாம்மா? ஆயில் மாத்திட்டு நான் ஊருக்குக் கிளம்பணும்!

— வரேன்டா! எடுத்துக்கிட்டிருக்காங்க! பார்த்தீங்களா, வந்து இன்னும் அரை நாள் முடியலை. அதுக்குள்ள கிளம்பணுமாம்.

— எந்த ஊர்ல இருக்கார் உங்க பையன்?

— எட்டு மணி நேரம் தள்ளி. கோழிப் பண்ணையிலேர்ந்து முட்டை ஏத்தறான். மாசம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவான்.

— அங்க ஆயில் மாத்தக் கடையா இல்ல?

— தெருவுக்கு நாலு இருக்கும். ஆனா எங்க வீட்டுப் பின்னாடி ஒரு குழி இருக்கு. வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்க அவங்கப்பா வெட்டினது. அவர் போனப்புறம் பலகை போட்டு மூடிட்டேன். வண்டி வாங்கின அன்னிக்கு இவன் போன் பண்ணி, 'ஆயில் மட்டும் உன்கிட்டதாம்மா மாத்துவேன், வேற எவனையும் நம்ப மாட்டேன்'னு சொன்னான். அன்னிக்கே பலகையைப் புரட்டிப் போட்டுட்டுக் குழியைக் கழுவி விட்டேன்.

— நல்ல பிள்ளைக்கா.

— நல்ல பிள்ளைதான். இதுக்கு முன்னாடி வந்து பதினாலு மாசம் ஆச்சு.

— ஓ.

— வியாபாரிதானே, கணக்குப் போடுங்க. மாசம் நாலாயிரம் ஓடறவனுக்கு இருபதாயிரம் எத்தனை மாசம்?

— அஞ்சு மாசம்.

— அஞ்சாயிரம்?

— அது... அஞ்சு வாரம். ரெண்டு மூணு நாள் கூட.

— இப்ப அந்தப் பளபள டப்பாவை எடுத்து உள்ள வைங்க.

— வச்சுட்டேன்.

— சாதா ஆயிலை எடுங்க. ஏழு லிட்டர்.

— இருங்கக்கா. டீசல் ஃபில்டர்ல தண்ணி வடிக்கணும்ல? அதுக்குன்னு அடிக்கடி வரச் சொன்னா என்ன?

— ரெண்டு சுத்து திருகினா வடிஞ்சிடும். ரோட்டோரமா நிறுத்தி அவனே வடிச்சிடுவான். காலையில நான்தான் சொல்லிக் குடுத்தேன், புத்தி கெட்டவ.

— காத்து ஃபில்டர் தூசி?

— டயர்ல நாலு தட்டு தட்டினா போச்சு.

— சும்மா வாடான்னு கூப்பிட்டா வர மாட்டாரா?

— கூப்பிட்டா, 'என்ன விஷயம்மா'ன்னு கேக்கறான். கோபமா இல்ல, அக்கறையாத்தான் கேக்கறான். நானும் யோசிச்சுப் பார்க்கறேன், சொல்றதுக்கு ஒரு விஷயமும் இருக்கறதில்ல. ஆயில்னா அது ஒரு விஷயம் பாருங்க.

— மலைப் பாதையில ஓட்டறாரா?

— ஓட்டறான். முழு லோடோட.

— ஏத்தத்துல டர்போ போச்சுன்னா...

— சொல்லாதீங்க. எனக்குத் தெரியாமலா கேக்கறேன்? இருபத்தாறு வருஷத்துல ஒரு வண்டிக்குத் தப்பான டப்பா எடுத்துக் குடுத்ததில்ல நான். இப்ப என் பிள்ளை வண்டிக்கே குடுக்கப் போறேன். தெருவுல எல்லாக் கடையும் பூட்டியிருந்தா நல்லாயிருக்கும்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா நீங்க மட்டும் திறந்து வச்சிருக்கீங்க.

— வீட்டுல இருந்தா சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். இங்க டப்பாவுலயாவது படிக்க ஏதோ எழுதியிருக்கு.

— பிள்ளைங்க இல்லையா?

— ஒரே மக. கார் வச்சிருக்கா. அவளும் என்கிட்டதான் ஆயில் மாத்துவா.

— மாத்துவாளா, மாத்திக்கிட்டிருந்தாளா?

— இப்ப அவ கார் இந்தப் பக்கம் வராமலே நல்லா ஓடுதுக்கா. ஃபில்டர் மாட்டும்போது மறந்துடாதீங்க, ரப்பர் வளையத்துல விரலால ஆயில் தடவிட்டு மாட்டுங்க.

— எனக்கேவா!

— சரி சரி. இங்க பாருங்க, இது என்ன?

— ஸ்டிக்கர். வண்டிக் கதவு ஓரத்துல ஒட்டறது.

— அடுத்த ஆயில்னு போட்டு ஒரு கோடு இருக்கா? அந்தக் கோட்டுல என்ன எழுதறோமோ அதான் சட்டம். ஓட்டறவன் எவனும் உள்ள இருக்கிற ஆயிலைப் பார்க்கறதில்ல, ஸ்டிக்கரைத்தான் பார்ப்பான்.

— அதனால?

— இன்ஜின்ல இருபதாயிரம் ஆயிலை ஊத்துங்க. கதவுல அஞ்சாயிரம்னு ஒட்டுங்க.

— என்ன சொன்னீங்க?

— அஞ்சு வாரம் கழிச்சு வருவாரு. நீங்க குழியில இறங்கி நட்டை ஒரு இறுக்கு இறுக்குங்க, தண்ணியை வடிங்க, கையில ரெண்டு கோடு கரி பூசிக்கிட்டு மேல வாங்க. அஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை நிஜமா மாத்துங்க. டீசல் வண்டியில ஆயில் ஊத்தின மறுநாளே கருத்துடும். புதுசு எது, பழசு எதுன்னு ஆயில் அளவு பார்க்கற கம்பியை இழுத்துப் பார்த்தாக்கூட அவருக்குத் தெரியாது.

— என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க.

— நீங்க ஏன் சொல்லணும்? ஸ்டிக்கர்ல என் கையெழுத்து, பொய் என்னோடது. இன்ஜினுக்குப் போற ஆயில் நிஜம். வண்டி இப்ப எவ்வளவு ஓடியிருக்கு?

— அறுபத்தோராயிரத்து நானூறு.

— அப்ப அறுபத்தாறாயிரத்து நானூறு. தூரத்துல இருந்தே தெரியற மாதிரி ஆறை நல்லா உருட்டி எழுதறேன்.

— ஏதோ ரொம்ப நாளா யோசிச்சு வச்ச மாதிரி மளமளன்னு சொல்றீங்களே.

— வியாபார மூளைக்கா, எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

— அம்மா! நேரமாகுதும்மா!

— ரெண்டே நிமிஷம்டா! கடைக்காரரே, சரி, அந்தப் பளபளப்பையே குடுங்க. அட, இங்க ஏன் திறக்கறீங்க? சீல் உடைச்ச ஆயிலை நான் வாங்கறதில்ல.

— உங்க கண்ணு முன்னாலதானே உடைக்கறேன். இந்த வெறும் கேன்ல மாத்தித் தரேன், பீப்பாயில இருந்து பிடிச்ச ஆயில்னு சொல்லிடுங்க. டப்பா இங்கயே இருக்கட்டும்.

— நல்ல டப்பா, எனக்கு எதுக்காவது ஆகும்ல?

— வேண்டவே வேண்டாம். பின்பக்கம் பாருங்க, பொடி எழுத்துல இருபதாயிரம்னு அச்சடிச்சிருக்கான். இது உங்க வீட்டு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது.

— அவனாவது, டப்பாவைத் திருப்பிப் படிக்கிறதாவது! அவனுக்கு அதுக்கெல்லாம் ஏது பொறுமை?

— நானும் என் மகளைப் பத்தி அப்படித்தான்க்கா நினைச்சேன்.