தீப்பூச்சுக்கு ஒப்பமிட மறுத்த ஆய்வுக்கூடத் தலைவிக்கு

நிறமறிந்து, நிறத்துள் உறையும் தரமறிந்து, தரத்தின் பொருட்டுத் தம் பதவியையே பணயம் வைத்த தகைமையாளரே, மூத்தோரும் இளையோரும் ஒருசேர ‘அக்கா’ என்றழைக்கும் அன்பின் உறைவிடமே, வணக்கம்.

இப்பணிநிறைவு விழா மேடையில் வாசிக்க நிர்வாகம் எங்களுக்கு ஒரு மடலை அச்சிட்டுத் தந்தது. அதில் அக்காவை ‘எதிர்வார்த்தை அறியாத இன்முகத்தார்’ என்று எழுதியிருந்தார்கள். அதை வாசிக்க எங்களுக்கு நா எழவில்லை. நடந்ததை அக்கா அறிவார். அறியாதவர்கள் இந்த அவையில் பலர். ஆகவே சற்றே அவர்கள் பக்கம் திரும்பிச் சொல்கிறோம்.

தீயில் உப்பும் பூச்சை எங்கள் பெயின்ட் ஆலை தயாரிக்கத் தொடங்கிய காலம் அது. கட்டடத்தின் இரும்புத் தூண்களில் அடிக்கும் பூச்சு. நெருப்பு நெருங்கினால் பொங்கித் தடித்து, கரிப்போர்வையாக நின்று, இரும்பு இளகாமல் காக்கும். அதற்கொரு புது இயந்திரம் வேண்டியிருந்தது. கண்காட்சியில் ஒரு பீட் மில்லைக் கண்டு சொக்கிப்போய் வந்தார் மேலாளர். நுண்மணிகளைச் சுழலவிட்டு, அவற்றின் இடுக்கில் பெயின்ட்டை மைபோல் அரைக்கும் இயந்திரம் அது. பல்தட்டு சுழலும் எளிய கலவை இயந்திரமே இதற்குப் போதும் என்றார் அக்கா.

“எவ்வளவு நைசா அரைக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதுல என்னம்மா பெரிய ஆராய்ச்சி?” என்றார் மேலாளர்.

“கார் பெயின்ட்டுக்கு நீங்க சொல்றது சரி சார். இதுல உப்புற சரக்கு குருணையா இருக்கணும். நொறுக்கிட்டா தீ பட்டதும் அது பொங்காது.”

“விக்கிறவர் ஓட்டியே காட்டினாரே?”

“அவர் ஓட்டினது நீல பெயின்ட். நம்ம சரக்க அவர் கண்ணால கூடப் பார்க்கல.”

அக்கா சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. இயந்திரம் வந்தது, மாலை போடாத குறையாக வரவேற்கப்பட்டது. முதல் சரக்கு பட்டாய்ப் பளபளக்க, மேலாளரின் கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அக்கா ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு இரும்புத் தகடுகளில் பூச்சடித்தார். ஒன்றில் ஆய்வுக்கூடத்துச் சிறு கலவை இயந்திரத்தில் தாமே செய்த சரக்கு, மற்றதில் பீட் மில் சரக்கு. காய்ந்தபின் இரண்டுக்கும் நெருப்புக் காட்டினார். முதல் தகட்டில் பூச்சு பொங்கி நின்றது. மற்றதில் கொப்புளம் கட்டி உரிந்து விழுந்தது. தகடு சிவக்கச் சிவக்கப் பழுத்தது.

“ஒரு தகட்ட வெச்சு ஆலையையே நிறுத்துவீங்களா? ஆஸ்பத்திரி வேலை நிக்குது. கையெழுத்துப் போடுங்க” என்றார் மேலாளர்.

“போட மாட்டேன் சார். எழுந்து நடக்க முடியாதவங்க படுத்திருக்கப் போற கட்டடம். தூண் வளையறதுக்குள்ள அவங்கள யாரு தூக்கிட்டு வர்றது?”

மறுநாளே அக்கா, சரக்கைப் பெட்டியிலிட்டுக் கட்டும் பொதிக் கொட்டகைக்கு மாற்றப்பட்டார். வேறொருவர் ஒப்பமிட, சரக்கு கிளம்பிவிட்டது. அக்கா மருத்துவமனைக் கட்டடப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்து, “என்னை நம்ப வேண்டாம். நீங்களே ஒரு தகட்டுல அடிச்சு எரிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். எரித்துப் பார்த்த பொறியாளர், உரிந்த தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே எங்கள் ஆலை வாசலுக்கு வந்தார். பின்னாலேயே பீப்பாய்கள் அத்தனையும் திரும்பி வந்தன.

அதன்பின் அக்கா சொன்ன கலவை இயந்திரத்தையே வாங்கி, அதில் செய்த பூச்சே மருத்துவமனைத் தூண்களில் ஏறியது. பீட் மில் கார் பெயின்ட் பிரிவுக்குப் போய், அங்கே அருமையாக ஓடுகிறது. இயந்திரத்தின்மேல் பழியில்லை, தேர்ந்தெடுத்தவர்மேல்தான். ஆனால் நடந்தது என்ன? ‘எங்கள் கடுமையான தரச்சோதனையே பிழையைக் கண்டது’ என்று நிர்வாகம் வாடிக்கையாளரிடம் மார்தட்டியது. மேலாளருக்குப் பொன்னாடை, பதவி உயர்வு. பிழையைக் கண்டவருக்கோ, கீழ்ப்படியாதவர் என்ற பெயரும், பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலையும். இது எந்த ஊர் நியாயம் என்று இந்த அவையின் முன்வரிசையைப் பார்த்தே கேட்கிறோம்.

“மன்னிப்புக் கேட்டா பழைய இடம் கெடைக்குமாம்மா?” என்று மகள் ஒருநாள் கேட்டாளாம்.

“கெடைக்கும்டி. கேக்கறதுக்கு நான் ஒரு தப்பும் பண்ணலையே.”

ஓய்வு பெறும் இந்நாள்வரை அக்கா கொட்டகையிலேயே இருந்தார். சென்ற வாரம் மேலாளரே அங்கு வந்து, அடுத்த பூச்சுக்கு இயந்திரம் தேர்ந்தெடுக்க ஆலோசகராக வரச் சொன்னார். அக்கா கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வரேன் சார். ஆய்வுக்கூடம் ‘கூடாது’ன்னு சொன்ன சரக்கு வெளிய போகக் கூடாதுன்னு மொதல்ல விதி போடுங்க. எனக்காக இல்ல, எனக்கப்புறம் அங்க உக்கார்றவங்களுக்காக.” மேலாளர் யோசிப்பதாகச் சொல்லிப் போனார். இன்னும் யோசிக்கிறார்.

அஞ்சாமை அணிந்த அக்காவே, நல்லுடல் நலியாது, நற்றுயில் குலையாது, நாடிய சுற்றம் சூழ, எவர் அனுமதியும் வேண்டாத இனிய பகல்களோடு நெடிது வாழ்க. தாங்கள் கேட்ட விதியை நாளை காலை முதல் நாங்கள் கேட்போம்.

இங்ஙனம்,
ஆய்வுக்கூடம், அரைவைப் பிரிவு, பொதிக் கொட்டகைத் தோழர்கள்