வெறும் தண்ணீர்க் கிருமி

“டாக்டரம்மா, இந்தக் கிருமி கோர்டோனே இல்ல. கோர்டோனேன்னா மஞ்சளா—”

“மெஷின் என்ன சொல்லுது? அதப் படி.”

“—மஞ்சளா இருக்கும், வளர வாரக்கணக்காகும். இது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா, மூணே நாள்ல—”

“யாமிலெத், படிக்கச் சொன்னேன்.”

“கோர்டோனேன்னுதான் போட்டிருக்கு. அதான் கேக்கறேன், மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“உன் கண்ணு மட்டும் ரொம்பப் பெரிசோ? போ, போய் ஒரு காபி குடிச்சிட்டு வா.”

என்னிடம் வேலை பார்க்கிறவள்; காபி குடிக்கத்தான் போனாள் என்று நினைத்தேன். ஐயா, நான் மனிதர்களை எளிதில் நம்பிவிடுகிறவள். வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பர்ராங்கியா நகரில் எங்கள் ஆய்வகத்துக்கு அந்த மெஷின் வந்த அன்று பாதிரியாரை அழைத்துத் தீர்த்தம் தெளித்தார்கள். தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான். ஆய்வகத் தலைவி இல்லையா, பொறுப்பு அதிகம்.

காசநோய்க் கிருமிக்குச் சொந்தபந்தம் ஏராளம். எல்லோருக்கும் மெழுகுத் தோல். சூட்டில் கொன்று, நுண்மணிகளோடு குலுக்கி நொறுக்கி, உலோகத் தட்டில் ஒரு பொட்டு வைத்தால் மெஷின் லேசர் ஒளியால் அடிக்கும். உள்ளேயிருந்த புரதங்கள் பறக்கும்; எடைக்குத் தக்கபடி மேடும் பள்ளமுமாக ஒரு படம் விழும். தன் நூலகத்திலுள்ள படங்களோடு ஒப்பிட்டு மெஷின் பெயர் சொல்லும். முன்பெல்லாம் மாதக்கணக்கில் இழுத்த வேலை. மெஷின் பொய் சொல்லாது. கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்லும். நான் பெற்றதும் அப்படி இருந்திருக்கலாம்.

நான் பெற்றது சியோமாரா. அழகு மருத்துவர். கார்னிவல் திருவிழா நெருங்கினால் இந்த ஊரில் வயிறு உள்ளவர்களெல்லாம் வயிறு இல்லாதவர்களாக வேண்டும். ஊசி போட்டுக் கொழுப்பைக் கரைத்து அவள்தான் ஆக்கித் தருவாள். போய்வந்தவர்களில் ஒருத்திக்கு வயிறு முழுக்கக் கட்டி கிளம்பியது. சீழ் என் மேசைக்கு வந்தது. மெஷின் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை: அப்செஸஸ். முரட்டுக் கிருமி, பெரும்பாலான மருந்துகளை மதிக்காது. கோர்டோனே அதற்குச் சாதுவான உறவு. குழாய்த் தண்ணீரில் கிடக்கும். அநேகமாக யாரையும் ஒன்றும் செய்யாது.

அப்செஸஸ் என்று எழுதினால் சுகாதாரத் துறை வரும், மகளின் வாசலில் பூட்டு விழும். ஒரு தாய் என்ன செய்வாள்? நான் கத்தியா எடுத்தேன்? மெஷினின் நூலகத்தில் அப்செஸஸ் படங்களுக்கு எதிரே இருந்த குறிகளை எடுத்தேன்; இனி மெஷின் அவற்றோடு ஒப்பிடாது. அந்தச் சீழின் படத்தைச் சேர்த்து, கோர்டோனே என்று பெயர் வைத்தேன். ஞானஸ்நானம் மாதிரிதான். குழந்தை அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு அப்செஸஸ் யாருடைய வயிற்றிலிருந்து வந்தாலும் மெஷின் அதைச் சாது என்றே சொன்னது.

நூபியா அதே ஊசி போட்டுக்கொண்டு அப்புறம் வந்தவள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். முடிவை வாங்க அவளே வந்து நின்றாள்.

“டாக்டரம்மா, இதென்ன எழவுக் கட்டி? பாவாடை நாடாவ இழுத்துக் கட்ட முடியல.”

“வெறும் தண்ணிக் கிருமிம்மா. பயப்படாதே.”

“அப்ப கார்னிவல்ல ஆடலாமா?”

“உன்ன யாரு பிடிச்சு வெச்சிருக்கா?”

“என் வீட்டுக்காரன்தான். அவன் காலத் தூக்கி ஆடினா நாற்காலி ஆடற மாதிரி இருக்கும், அதான் பொறாமை.”

சிரித்துக்கொண்டே பையிலிருந்து முட்டை வைத்துப் பொரித்த அரேப்பா, அதான் மக்காச்சோள அடை, ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். சூடாக இருந்தது. சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

கிருமி சாதுவென்றால் கட்டி ஒவ்வாமையாகத்தான் இருக்கும் என்று அவளுடைய டாக்டர் முடிவு செய்து, வீக்கத்தை அமுக்க ஸ்டீராய்டு ஊசி போட்டார். உடம்பின் காவலைத் தூங்க வைக்கும் மருந்து, அப்செஸஸுக்கு விருந்து. பிறகு வயிற்றைக் கீறினார்கள், மறுபடியும் கீறினார்கள். கார்னிவல் ஊர்வலத்தை ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். நல்ல இடம், நெரிசல் இருக்காது. கார்னிவல் முடிந்த மறுநாளான சாம்பல் புதனுக்குள் அடக்கமும் முடிந்தது. மற்ற பெண்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். அதை மட்டும் எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

யாமிலெத் காபி குடிக்கப் போகவில்லை. அந்த வெள்ளைக் கிருமி வளர்ந்த தட்டைப் பொட்டலம் கட்டி பொகொட்டாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கே மரபணுவைப் படித்துப் பெயர் சொன்னார்கள். நீங்கள் வந்தீர்கள்.

ஆக, செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். மகளுக்காகச் செய்தேன். உங்களுக்கும் தாயார் இருப்பார். வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நேற்று சியோமாரா என்னைப் பார்க்க இங்கே வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை.

“மொத சீழ் வந்த அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. கருவி கழுவற தண்ணிய அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். நூபியாவுக்கு நான் ஊசி போட்டது அதுக்கப்புறம்தானே?”

“உன் பேரு கெட்டுப்போகுமேன்னுதான் மகளே. எல்லாம் உனக்காக.”

“எனக்காகவா? ‘என் மக கிளினிக் தண்ணிக்கு எதுக்குச் சோதனை’ன்னு சிரிச்சுக்கிட்டே, ஒரு சொட்டுகூட சோதிக்காம, சுத்தமான தண்ணின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது யாரும்மா?”