மந்திரிக்கு ஒட்டுமீசை வேண்டாம்

சன்னாசி: இன்னும் ஒரு தரம் பேசு.

மருதப்பன்: எத்தன தரம்டா... அந்த எருமையப் பிடி, குளத்து நடுவுக்குப் போவுது.

சன்னாசி: போவட்டும். உன் குரல் கரகரங்குது.

மருதப்பன்: ஆமா, மூணு நாளா. மீசை முளைக்கும், குரல் உடையும்னு நீ சொன்ன மருந்துதான். பலிச்சிடுச்சு.

சன்னாசி: நான் சொன்னபடியேவா?

மருதப்பன்: உப்புப் போட்டு மாங்கா, மேல ஒரு சொம்பு புளித்தண்ணி. அப்புறம் கழுத்தளவு தண்ணியில நின்னு கத்தறது. சிராங்கூன் ரோட்டுல டிராமுக்கு நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

சன்னாசி: அடப்பாவி. தினமுமா?

மருதப்பன்: பின்ன? நாம ஒரே மாசத்துல பொறந்தவங்க. உனக்கு மீசை. எனக்கு மூக்குக்குக் கீழ மொழுமொழுன்னு. நீ ஒரு சாண் வளந்துட்ட. எனக்குப் போன தீவாளிச் சட்டையே இன்னும் தொளதொளங்குது.

சன்னாசி: வளந்து என்ன. மூஞ்சி பூரா பரு. வேர்வை நாத்தம் எனக்கே தாங்கல.

மருதப்பன்: அந்தப் பருவுல ரெண்டு எனக்குக் குடேன். வாங்கிக்கறேன்.

சன்னாசி: எதுக்குடா இந்த அவசரம்?

மருதப்பன்: குழாயடிக்குப் போனா, ராணியம்மாவுக்கு வழி விடுங்கடாங்கறானுங்க. நாடகத்துல ராணி வேஷம் கட்டினா நெசமாவே பொம்பளையா?

சன்னாசி: போன வருசம் நாந்தான் கட்டினேன். என்னை யாரும் சொல்லல.

மருதப்பன்: அப்ப எல்லாரும் சின்னப் பசங்க. இப்ப நான் மட்டும்தானே பாக்கி.

சன்னாசி: இரு. நாளன்னிக்குத் திருவிழா. நாடக வாத்தியார் உன் குரலக் கேட்டாரா?

மருதப்பன்: இன்னிக்கு ஒத்திகையில கேப்பாரு. மருதனுக்கும் மகரக்கட்டு உடஞ்சு ஆம்பளக் குரல் வந்துடுச்சுன்னு ராணிச் சடையக் கழட்டிருவாரு. ஏதாச்சும் ஒரு சேவகன் வேஷம் குடுத்தாலும் போதும்.

சன்னாசி: அப்ப ராணிக்கு யாரு?

மருதப்பன்: யாரோ. நாடகம் நின்னா நிக்கட்டும்.

சன்னாசி: சுத்துப்பட்டு ஊரு, மூணு கம்பத்துச் சனம் வரும்டா...

மருதப்பன்: உனக்கென்ன, மந்திரி வேஷம். மந்திரிக்கு ஒட்டுமீசை வேண்டாம், சொந்த மீசையே போதும்னு வாத்தியாரே சொன்னாரு. நீயும் சிரிச்ச.

சன்னாசி: சிரிச்சேன்... மருதா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

மருதப்பன்: சொல்லு.

சன்னாசி: அது மீசைக்கும் மருந்து இல்ல, குரலுக்கும் மருந்து இல்ல.

மருதப்பன்: பின்ன?

சன்னாசி: மாங்காயும் புளியும் தின்னுட்டுக் கத்தினா யாருக்கும் தொண்டை கட்டும். உனக்கு எதுவும் உடையல. நாலு நாள் சுக்குத்தண்ணி குடிச்சா சரியாயிடும்.

மருதப்பன்: நாலு நாளா? திருவிழா நாளன்னிக்கு.

சன்னாசி: தெரியும்.

மருதப்பன்: தெரிஞ்சேதான் சொன்னியா?

சன்னாசி: ராணி புள்ளையத் தேடி அழற பாட்டு... அத மொதமொதல்ல பாடினவன் நானு. போன வாரம் நீ பாடறப்ப முறுக்கு விக்கிற அன்னம்மாக்கா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. போன வருசம் எனக்குத் தொடச்ச அதே முந்தானை. வயிறு எரிஞ்சுதுடா. இந்த மீசை யாருக்கு வேணும்? வழிச்சுப் போட்டா குரல் திரும்பி வருமா?

மருதப்பன்: வராது.

சன்னாசி: அடிக்கணும்னா அடி.

மருதப்பன்: எதுக்கு? மாங்காயெல்லாம் அந்தக் கொம்பு ஒடஞ்ச எருமைதான் தின்னுச்சு.

சன்னாசி: என்னது... உன் குரல்...

மருதப்பன்: இப்பத் தெளிவா இருக்கா? மூணு நாளா கரகரன்னு பேசிப் பேசி அலுத்துப் போச்சு. நாளன்னிக்குப் பாடுவேன். மேடையில பக்கத்துலயே நின்னு கேளு, மந்திரி.

சன்னாசி: உனக்கு எப்படிடா தெரியும்?

மருதப்பன்: மொத நாள் விடியக்காலம் மாங்காயோட வந்தேன். எனக்கு முன்னாடி நீ குளத்துல நின்னு ராணி பாட்டப் பாடிக்கிட்டிருந்த. குரல் மேல போகப் போக உடஞ்சுக்கிட்டே போச்சு. அப்புறம் அழுத. உன் மருந்து எதுக்குன்னு அப்பவே புரிஞ்சிடுச்சு. மீசை வச்சவன் அழறத நின்னு பாத்தேன். கூப்பிடணும்னு தோணல, சன்னாசி. ஒரு வருசமா வராத தூக்கம் எனக்கு அன்னிக்குத்தான் வந்துச்சு.