நுரை இல்லாத இடம்

கடலை வரைய நீல நிறம் அவ்வளவாகத் தேவைப்படாது. தொடங்கிய புதிதில் டியூப் டியூபாக நீலத்தைத் தீர்த்தேன். சாம்பலும் கொஞ்சம் பச்சையும் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ சொல்கிறான் என்று நினைக்காதீர்கள், சார். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

வங்கி கவுண்டரில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளரின் முகத்தில் ஸ்டாம்ப் பேடை விட்டெறிந்தவன் நான். கோபம் தலைக்கேறினால் இறங்காது. வெளியில் உட்கார்ந்து எதையாவது நிதானமாகச் செய்யுங்கள் என்றார் டாக்டர். வாட்டர் கலர் பெட்டியை வாங்கித் தந்தது என் மனைவியின் அண்ணன். ஞாயிறுதோறும் தன் காரில் கடற்கரைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். தங்கமான மனிதர். என் வேலை போகாமலிருக்க மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்றவர். இதைச் சொல்லவே கூசுகிறது.

ஆனால் வாய் ஓயாது. மடக்கு நாற்காலியைப் போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

"மாப்ள, அந்த அலை கொஞ்சம் குண்டா வந்துருச்சு. வயித்த எக்கச் சொல்லுங்க."

சிரிக்கத்தான் வேண்டும். நானும் ஒவ்வொரு வாரமும் சிரித்தேன். கடற்கரையில் எனக்குக் கடல் சத்தமே கேட்டதில்லை, அவர் குரல்தான் கேட்டது. வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருந்தவன் நான்.

வாட்டர் கலரில் நான் வெள்ளை பூசுவதில்லை. நுரை வருகிற இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடுவேன். அதனால் நுரை எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. பாறைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை மட்டும் நுரையே இல்லாமல் வழவழவென்று கிடக்கும். பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். ஒருநாள் ஒரு காலி பாட்டில் மிதந்து வந்து அதில் சிக்கியது. கரைக்கு வராமல் நேரே உள்ளே போய்விட்டது. இன்னொரு வாரம் ஒரு பலகைத் துண்டும் அப்படியே போனது. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வழி அது.

அன்று நல்ல வெயில். மச்சான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"ஒரு முங்கு போட்டுட்டு வரேன் மாப்ள. எந்தப் பக்கம் எறங்கலாம்? நீங்கதான் இத உத்து உத்துப் பாக்குற ஆளு."

"பாறைப் பக்கம் அலையே இல்ல மச்சான்."

பொய் இல்லை. அங்கே அலை இல்லைதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டினேன்.

தூரத்தில் அவர் கையை உயர்த்தினார். ஈரம் காய்வதற்குள் வானத்தை முடிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடும். முடித்தேன். கடல் சத்தம் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். அவர் எங்கே இறங்கினார் என்று கவனிக்கவில்லை என்று அன்று விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் சொன்னேன். அவரைக் கொன்றது நான்தான், சார்.

அந்தப் படத்தை மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அண்ணன் பார்த்த கடைசிக் கடலாம். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அதுதான்.

போன ஞாயிறு அவளும் என்னுடன் வந்தாள். என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசினாள், அழுதாள், மறுபடியும் பேசினாள். என்னால் ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை.

"கால மட்டும் நனைச்சுட்டு வரேங்க. எங்க எறங்குனா பயமில்ல?"

பாறைப் பக்கம் கையை நீட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

முழங்கால் தண்ணீரிலேயே அவளைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாள். நான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. மச்சான் விஷயம் மட்டும் என்றால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன், சார். அதற்கு என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. இதற்கு இல்லை. அவள் பாறைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உடனே எழுந்திருக்கவில்லை. தூரிகையில் நிறம் ஒட்டியிருந்தது. அதைக் கழுவி, துடைத்து, நுனியைக் கூராக்கிப் பெட்டியில் வைத்த பிறகுதான் ஓடினேன்.