திரையில் தெரிந்த முகம்

— அது என் வீட்டுக்காரர் இல்லம்மா.

— எது அக்கா?

— நீங்க பாடும்போது பின்னாடி பெரிய திரையில ஒரு படத்தைப் போட்டு, ‘இவரை விடுதலை பண்ணு’ன்னு கத்துனீங்களே, அது. என் வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்காரு. படத்துல இருக்கறது அவரு தம்பி, என் கொழுந்தன்.

— ஐயோ... நல்லாப் பாத்தீங்களா அக்கா?

— பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். புருஷன் மூஞ்சி தெரியாதா எனக்கு?

— ஐயோ அக்கா! ஆலை வாசல்ல கூட்டமா எடுத்த படத்துலேர்ந்து வெட்டினோம். நாலு மாசமா எந்த இசை விழாவுக்குப் போனாலும் இதைத்தான் போடறேன்!

— ஆடாதீங்க, ஊசி குத்திடும். ரவிக்கை தோள்ல தையல் இவ்வளவு பிரிஞ்சிருக்கு, இதோடயா அந்தக் குதி குதிச்சீங்க?

— இதை எதுக்குக்கா தைச்சுக்கிட்டு... என்னை நாலு அறை அறைஞ்சிருக்கணும் நீங்க.

— தைக்க வந்தவள்னு சொல்லித்தானே உள்ள விட்டாங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நெஜமாவே எங்க மேல அக்கறையா, இல்ல கைத்தட்டலுக்கா?

— பொய் சொல்லட்டுமா அக்கா?

— வேணாம்.

— மொத தடவை கைத்தட்டலுக்குத்தான். செய்தியில பாத்தேன், மேடையில ரெண்டு வரி பேசினேன். என் பாட்டுக்கு விழாத கைத்தட்டு அதுக்கு விழுந்துச்சு. அப்புறம் விட மனசு வரலை.

— இன்னிக்கும் அதுக்குத்தானா?

— தெரியலைக்கா. போன மாசம் ஒரு விழாக்காரங்க, ‘படமெல்லாம் வேணாம், பாடிட்டு மட்டும் போங்க’ன்னாங்க. பாடாமலே வந்துட்டேன். வண்டியில உக்காந்து யோசிக்கறேன், ஏன் அப்படிப் பண்ணினேன்னு எனக்கே புரியலை. ஆனா உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேக்கத் தோணலை பாருங்க. அதுதான் வெக்கமா இருக்கு.

— அழாதீங்கம்மா, கண் மை கரையுது. இந்தாங்க கைக்குட்டை.

— கேஸ் எப்படிக்கா போகுது?

— திங்கக்கிழமை கடைசி வாய்தா. ஸ்டிரைக் நடந்தப்ப கிடங்குக்குத் தீ வெச்சார்னு கேஸ். அந்த நேரத்துல அவர்கூட வாசல்ல நின்ன ஒரே ஆள் என் கொழுந்தன்தான். அவன் வாயைத் திறந்தா இவர் வீட்டுக்கு வந்துடுவார். இல்லன்னா ஏழு வருஷம்.

— திறக்க மாட்டேங்கறாரா?

— புள்ளகுட்டிக்காரன், ஆலைக்காரங்க பகை வந்துடுமோன்னு பயம். வேற ஊருக்கே ஓடிட்டான். போன் அடிச்சாலும் எடுக்கலை. எனக்கு அவன் மேல கோவம்கூட வரலம்மா. நான் கல்யாணமாகி வந்தப்ப ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு எதிர்ல வந்து நின்னவன். நான்தான் சோறு போட்டு வளத்தேன்.

— பயந்து ஓடினவர் படத்தையா நான் ஊரெல்லாம் காட்டிக்கிட்டிருக்கேன்! அக்கா, நாளைக்கும் இங்க எனக்குப் பாட்டு இருக்கு. அண்ணன் படத்தைக் குடுங்க, மாத்திடறேன். மேடையிலயே மன்னிப்பும் கேட்டுடறேன்.

— ஐயையோ, மாத்திடாதீங்கம்மா! அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க வீடியோவைப் பாத்துட்டு நேத்து வந்து கதவைத் தட்டினான். ‘அவ்வளவு சனமும் என் மூஞ்சியைப் பாத்துக் கத்துது, என்னால தூங்க முடியலை அண்ணி, சாட்சி சொல்றேன்’னு என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதான். திங்கக்கிழமை அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் அவன் படமே இருக்கட்டும்.