மணல்திட்டில் மதியச் சாப்பாடு

சின்னத் தீவுகளுக்குப் படகில் போக வேண்டுமென்று வருகிறவர்கள் எல்லோரும் அலையைப் பற்றித்தான் கேட்பார்கள். சாப்பாட்டு நேரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பதினெட்டு வருஷமாக இந்தப் பயணத் திட்டங்களைப் போட்டுத் தருகிறவன் சொல்கிறேன்: ஒரே நாளில் நான்கு இடம் பார்க்க வேண்டுமானால், எந்த இடத்தில் வயிறு நிறைகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

என் ஆபீஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மேசை, சுவரில் கடல் ஏறும் நேரம் இறங்கும் நேரம் போட்ட அட்டவணை, கழுவிக் கவிழ்த்த இரண்டு தம்ளர். வேறொன்றும் இருக்காது. வீடும் அப்படித்தான் இருந்தது, அத்தான் வரும்வரை.

கூரை ஒழுகுகிறது, மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு அக்காவும் அத்தானும் வந்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவர் பதினான்கு மாதம் இருந்தார். அக்கா எத்தனை வருஷம் இருந்தாலும் எனக்குச் சம்மதம். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டித் தலை துவட்டி வளர்த்தவள் அவள். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி.

அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனால் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தொண்டைக்குள்ளிருந்து எதையோ வேரோடு பிடுங்குகிறவர் மாதிரி ஒரு சத்தம் வரும். அது பாட்டுக்குக் கால்மணி நேரம் நடக்கும். பிறகு நான் பல் தேய்க்கப் போனால் வாஷ்பேசினில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பிட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறப்பார். கைப்பிடியில் பருக்கை காயும். ஒருநாள் என் அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறார். விட்ட பக்கத்துக்கு அடையாளமாக, காது குடைந்த தீக்குச்சியை உள்ளே வைத்திருந்தார்.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு அப்படித்தாண்டா. முப்பது வருஷமாச்சு, எனக்கு அதெல்லாம் கண்ணுக்கே தெரியறதில்ல" என்று சிரித்தாள்.

சகித்துச் சகித்து மரத்துப்போயிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அவருடைய பாதத்தை மடியில் வைத்துப் பித்தவெடிப்புக்குக் களிம்பு தடவுவாள். தடவிய கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளுவாள். நான் எழுந்து போய் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

ஒருவரை அருவருக்க ஆரம்பித்துவிட்டால் அவரைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடுகிறது. அன்புகூட இவ்வளவு கவனிக்காது. சாப்பிட்டு எழுந்த இருபதாவது நிமிடம் அவர் கழிப்பறைக்குப் போயாக வேண்டும். முன்னே பின்னே ஆகாது. போனால் லேசில் வரமாட்டார். வெளியே வந்து, "நம்ம வயிறு கடிகாரம் மாதிரி மாப்ளே" என்று பெருமை வேறு. சொந்த வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் நான்.

தீவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அவர்தான்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் தீவு தீவாக் கூட்டிட்டுப் போறியே, எங்களை ஒருநாள் கூட்டிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவே?"

அக்காவின் முகம் மலர்ந்தது. சரி என்றேன். ஆற அமர உட்கார்ந்து திட்டம் போட்டேன். இரண்டு படகு, என்னைத் தவிரப் பதினான்கு பேர், நான்கு இடம். அதில் மூன்றாவது ஒரு மணல்திட்டு. கடல் இறங்கும்போது மட்டும் தலைகாட்டும், ஏறும்போது முழுகிவிடும். ஓர் ஓரத்தில் இடுப்பளவுப் பாறை ஒன்று உண்டு. குந்தினால்தான் மறைவு. மாதத்திலேயே கடல் அதிகமாக ஏறுகிற நாளாகப் பார்த்து எடுத்தேன். அன்றைக்கு அந்தப் பாறைக்கு மேலேயே ஓர் ஆள் ஆழம் நிற்கும். அத்தானுக்கு நீச்சல் தெரியாது.

வழக்கமாக மதியச் சாப்பாட்டை நான்காவது தீவில் வைப்பேன். அங்கே நிழல் உண்டு, கழிப்பறை உண்டு. அன்றைக்கு மட்டும் மணல்திட்டுக்கு மாற்றினேன். சாப்பிட்டு முடித்த இருபத்தைந்தாவது நிமிடம் புறப்பாடு. நான் செய்தது அந்த ஒரு திருத்தம்தான்.

எங்கள் தொழிலில் ஆள் எண்ணுகிறவன் ஒருவன்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் எண்ணினால், இவன் எண்ணுவான் என்று அவனும் அவன் எண்ணுவான் என்று இவனும் விட்டுவிடுவார்கள். அதனால் படகில் ஏறும் ஏணியடியில் நின்று நான் எண்ணிச் சொல்வேன், படகோட்டி நங்கூரத்தை எடுப்பார். நானே கொண்டுவந்த விதி அது. இதுவரை பிசகியதில்லை.

அத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் மாப்ளே" என்று பாறைப் பக்கம் போனார். அக்காவை முதல் படகில் ஏற்றினேன்.

"அவரு?" என்றாள்.

"பின்னாடி படகுல என்கூட வருவாரு. நீ ஏறுக்கா."

முதல் படகு போயிற்று. இரண்டாவதில் ஆறு பேரை ஏற்றினேன். ஒருவரையொருவர் அறியாதவர்கள், உண்ட மயக்கத்தில் இருந்தார்கள். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

"எத்தனை பேருங்க?" என்று படகோட்டி கேட்டார்.

"ஏழு" என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தார். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இதமாக இருந்தது.

நான்காவது தீவில் அக்கா துறையிலேயே காத்திருந்தாள். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "தப்பு பண்ணிட்டேன்கா" என்றேன். மற்றவர்களை நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பொறுப்பில் இருக்கிறவன் எல்லோரையும் அப்படியே போட்டுவிட்டு ஓட முடியாது அல்லவா. நாங்கள் திரும்பிப் போனபோது மணல்திட்டு இல்லை. அக்கா வெறும் தண்ணீரைப் பார்த்து, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தவறு என்று எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். அக்காவும்கூட, "நீ என்னடா பண்ணுவே" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தாள். மூன்று நாள் வீட்டைத் தேய்த்துக் கழுவினேன். பழையபடி ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அவருடைய தலையணை உறையை அவள் துவைக்கவே விடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, எச்சில் வழிந்து காய்ந்த வட்டம் வட்டமான கறை. அதில் முகத்தைப் புதைத்து, மூச்சை இழுத்து இழுத்து முகர்வாள். ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தேன். போன புதன்கிழமை அவள் குளிக்கப் போனபோது எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை பிரஷ் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுக்கா. இப்பத்தான் வீடு ஒருவழியா சுத்தமாச்சு" என்றேன்.

எழுந்து கொடியிலிருந்து உறையை உருவினாள். பிறகு கேட்டாள்: "நீ எண்ணுறதுல தப்பே பண்ண மாட்டியேடா. அன்னைக்கு மட்டும் ஏழுன்னு எப்படிச் சொன்னே?"

அக்காவிடம் நான் பொய் சொல்வதில்லை. ஏணியடியில் சொன்னது வேறு, அது வேலை. சாப்பாட்டை மாற்றியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் அந்த ஈர உறையோடு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான். அதை மட்டும் அழுக்காகவே விட்டிருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் அதில்போய் என் அக்கா முகத்தை வைப்பதை எந்தத் தம்பிதான் பார்த்துக்கொண்டிருப்பான், நீங்களே சொல்லுங்கள்.